முகம் திருப்பிய துரை

மூக்கு அரிக்கிறது. நுனியில் இல்லை, இடது மடிப்பில், ஒரு விரல் பட்டால் தீர்ந்துபோகிற இடத்தில். ஆனால் இடது கையில் புத்தகம், ஆள்காட்டி விரல் பக்கங்களுக்கு நடுவே செருகியிருக்கிறது, படித்துக்கொண்டிருந்தவனை யாரோ கூப்பிட்டு நிறுத்தியதுபோல. வலது கை பக்கத்து நாற்காலியின் முதுகில். "அசையாதீங்க சார்" என்கிறார் ரெமிஜியுஸ். அசையவில்லை, அசையலாமா என்று யோசித்தேன், அதையும் பார்த்துவிடுகிறார். தூத்துக்குடிக்காரர். கோயில் பீடங்களுக்குப் புனிதர்களை வரைந்து பழகியவர். புனிதர்களுக்கு மூக்கு அரிப்பதில்லை, அரித்தாலும் சொல்வதில்லை. பேசவும் கூடாதாம். "வாய் கடைசியிலதான் சார், அதுவரைக்கும் மூடியே வச்சிருங்க." ஆயுள் முழுக்க வாயால் பிழைத்தவனிடம், இந்தக் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன் என்ற பெயரில் ஆங்கிலம் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசித் தீர்த்தவனிடம் சொல்கிற பேச்சா இது. நூலகத்தில் யாரும் இல்லை, விடுமுறை. டர்பன்டைன் நெடி பழைய புத்தக வாடையோடு சண்டைபோட்டு ஜெயித்துக்கொண்டிருக்கிறது. என் கை தொட்டுக்கொண்டிருக்கும் நாற்காலியில் தில்லைநாயகம் உட்கார்ந்திருக்க வேண்டும். சட்டைதான் உட்கார்ந்திருக்கிறது. தையல்கடையிலிருந்து வாங்கிவந்த தலையில்லாத பொம்மைக்கு அவருடைய அரைக்கைச் சட்டையை மாட்டி வைத்திருக்கிறார் ரெமிஜியுஸ், மடிப்பு இயற்கையாக விழ வேண்டுமாம். வெளிறிய சந்தன நிறம். பையில் பேனா செருகிச் செருகி ஒரு நீலக் கறை. அந்தக் கறையைத் துவைத்துப் பார்த்துத் தோற்றவர்கள் இரண்டு பேர், ஒருவர் அவர் மனைவி, இன்னொருத்தி மகள் சங்கரவடிவு. அந்தக் கறையையும் வரைவாரா? கேட்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது. பழைய காலத்து ஓவியர்களும் இப்படித்தான் செய்தார்கள் என்று ரெமிஜியுஸிடம் நேற்றே சொன்னேன். பெரிய மனிதர் முகத்தைக் காட்ட மட்டும் வருவார், அவருடைய கோட்டு அங்கேயே தங்கிவிடும், மரப்பொம்மைக்கு மாட்டி ஆற அமர வரைவார்கள். பொம்மையின் தோள் கனவானின் தோளைவிட எடுப்பாக இருக்கும், கனவானும் ஆட்சேபிப்பதில்லை. "அப்படியா சார்" என்றார், தூரிகையைத் துடைத்துக்கொண்டே. நான் சொல்கிற எதற்கும் உலகம் தருகிற பதில் அது. தில்லைநாயகம் மட்டும் அப்படிச் சொன்னதில்லை. அவர் ஒன்றுமே சொன்னதில்லை.

எதிர்ச் சுவரில் அவர்கள் இருக்கிறார்கள். இரட்டைத் துரைமார். மாணவர்கள் வைத்த பெயர், தேர்வுக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிற வழக்கமும் உண்டு, கிறிஸ்தவக் கல்லூரி என்பதால் ரகசியமாக. ஸ்காட்லாந்திலிருந்து வந்த பழைய முதல்வர் ஒருவர் தன் குடும்பத்துப் படத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போனார். பதினெட்டாம் நூற்றாண்டு, எண்ணெய் வண்ணம், பெயர் எழுதிய தகடு எந்தக் காலத்திலோ விழுந்துவிட்டது. ஒருவர் நிற்கிறார், ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நிற்பவர் தோளில் கட்டம்போட்ட கம்பளி. மன்னரை எதிர்த்து ஸ்காட்லாந்து மலைநாட்டார் போரிட்டுத் தோற்ற பிறகு அந்த உடைக்கே அங்கே தடை இருந்தது, தடை நீங்கியதும் கனவான்கள் அதையே போர்த்திக்கொண்டு படத்துக்கு நின்றார்கள். தோற்றவர்களின் உடுப்பு ஆபத்தில்லாமல் போனதும் அழகாகிவிடும். நிற்பவர் கையில் துப்பாக்கி, மற்றக் கை நாற்காலி முதுகில், வாய் சற்றே திறந்திருக்கிறது. உட்கார்ந்தவர் கறுப்புக் கோட்டு, வெள்ளிக் கொக்கி வைத்த செருப்பு, மாவு தூவிய முடி காதோரம் உருளையாகச் சுருண்டு அதற்குக் கீழே பாதிக் காது. அவர் நிற்பவரைப் பார்க்கவில்லை. முகத்தை நன்றாக மறுபக்கம் திருப்பி, சட்டத்துக்கு வெளியே இருக்கிற எதையோ பார்க்கிறார். நடுவில் ஒரு நாய், அது மட்டும்தான் அந்தப் படத்தில் யாரையாவது பார்க்கிற ஜீவன். இந்தப் படத்தின் கீழே இருந்த மேசையில்தான் பணிக்காலம் முழுக்க நானும் தில்லைநாயகமும் மதிய இடைவேளையைக் கழித்தோம். "ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது வே" என்பேன். "பாரும், மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்காரு." தில்லைநாயகம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "கேட்டுக்கிட்டு இருக்காரு" என்பார். "மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருக்கவன் எங்க வே கேப்பான்?" "கேப்பான்." "ஆதாரம்?" "பாத்தா தெரியுதுல்லா." கணிதப் பேராசிரியர். கரும்பலகையில் நிரூபணம் இல்லாமல் ஒரு வரி எழுதமாட்டார், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பார்த்தால் தெரிகிறதாம். நான் விட்டேனா? ஆண்டு மலரில் கட்டுரை எழுதினேன். நிற்பவர் முகத்தில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுகிறது, உட்கார்ந்தவர் முகத்தில் வலப்பக்கத்திலிருந்து, ஓர் அறைக்குள் இரண்டு சூரியன் இருக்க முடியாது, ஆகவே இருவரும் சேர்ந்து உட்கார்ந்து வரையப்பட்டதே இல்லை, தனித்தனி நாளில் தனித்தனியாக வந்தவர்கள், சொத்துத் தகராறாக இருக்கலாம், முகம் திருப்பியதே சாட்சி. தலைப்பு 'முகம் திருப்பிய துரை'. நல்ல கட்டுரை. பாராட்டினவர்கள் உண்டு, படித்தவர்களும் ஒருவர் இருவர் இருந்தார்கள். தில்லைநாயகம் படித்துவிட்டு மூடி வைத்தார். "நடை நல்லா இருக்கு வே." அவ்வளவுதான். அந்த 'வே'யில் ஒரு சிரிப்பு இருந்தது. இருந்ததா? முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதுதான் இப்போது சிக்கல். "சார், அவருக்குப் புருவம் சேந்திருக்குமா, விட்டிருக்குமா?" என்று முதல் நாள் ரெமிஜியுஸ் கேட்டபோது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. நாளை படம் சட்டம் போடப் போகிறது, சனிக்கிழமை திறப்பு, இன்றைக்கு அந்த முகம் முடிந்தாக வேண்டும். இந்தப் படத்துக்கே அவர்தான் காரணம். ஓய்வு பெறுகிற நாளில், "நம்ம ரெண்டு பேரையும் இதே மாதிரி வரைஞ்சு துரைமாருக்கு எதிர்த்தாப்ல மாட்டணும் வே, அவங்களும் எத்தனை நாளைக்குத்தான் நம்ம பேச்ச மட்டும் கேப்பாங்க, பாக்கவும் செய்யட்டும்" என்றார். அவர் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். பழைய மாணவர் சங்கத்துக்காரர்கள் கேட்டு வைத்திருந்து இப்போது காரியமாக்கியபோது அவர் இல்லை. ஐப்பசி மழையில், காலையில் குளித்துவிட்டு வந்து நெற்றிக்குத் திருநீறு பூசியவர் அப்படியே சாய்ந்துவிட்டார். போட்டோ என்று பார்த்தால் ஆதார் அட்டைதான். குழுப் படங்களில் எல்லாம் கேமராக்காரன் கையைத் தூக்கும்போது சரியாகத் திரும்பிக்கொள்வார், கல்லூரியின் எல்லா ஆண்டுப் படங்களிலும் முகம் கலங்கிய ஒரு மனிதர் என் பக்கத்தில் நிற்கிறார். ஆதார் அட்டையில் யார்தான் தன்னைப்போல இருக்கிறார்கள்? எனக்கு அதில் சந்தனக் கட்டை கடத்தியவன் முகம். ஆகவே எல்லோரும் சொன்னார்கள், ஞானசிகாமணி சாரைக் கேளுங்கள், அவருக்குத் தெரியாத தில்லைநாயகமா என்று. அவர்கள் சொன்னது சரிதான், கூடவே இருந்தேன். கூட என்றால் பக்கத்தில். ஆசிரியர் அறையில் ஓடுகிற மின்விசிறி ஒன்றுதான், அதன் கீழே ஜன்னலைப் பார்த்து எங்கள் இரண்டு நாற்காலி. மதிய மேசையில் சுவரைப் பார்த்து. மாலை நடையில் ரோட்டைப் பார்த்து. பக்கத்தில் இருப்பவனை யார் பார்க்கிறார்கள்? அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து பிடரியைப் பார்த்திருக்கிறேன், கழுத்துப்பட்டிக்கு மேலே முடி ஒரு சுழியாகத் திரும்பும். பேச்சுக் கொடுத்தால் தலையை ஒருபக்கமாக வெட்டித் திருப்புவார். "ரோட்டைப் பாரும் வே, கொன்னுபோடாதேரும்" என்று கத்துவேன். தோளைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். பின்னால் இருக்கிற கம்பியைத்தான் பிடித்தேன்.

எப்போதும் அவர் எனக்கு வலப்பக்கம். அது தற்செயல் அல்ல, அவர் செய்துகொண்ட ஏற்பாடு. புதிதாகச் சேர்ந்த நாட்களில் நான் கவனித்தேன். எந்தப் பக்கம் நான் உட்கார்ந்தாலும் எழுந்து சுற்றிவந்து நான் அவருக்கு இடப்பக்கம் ஆகும்படி உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் சோதித்தே பார்த்தேன், நடையில் வேண்டுமென்றே அவருக்கு வலப்பக்கம் போனேன். செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல நின்று, என்னை முன்னால் விட்டு, பின்னால் சுற்றி மறுபக்கம் வந்து சேர்ந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் படித்தது. வலப்பக்கம் மரியாதைக்குரிய பக்கம், அரச சபையிலும் சரி, விருந்து மேசையிலும் சரி, மூத்தவர் வலத்தில். அவர் என்னைவிட ஒரு வருஷம் பணியில் மூத்தவர். இவ்வளவு சாதுவான மனிதருக்குள் இப்படி ஒரு பவிசா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன், கொஞ்சம் கசந்துகொண்டும்தான், பிறகு பழகிவிட்டது, வைத்துக்கொள்ளட்டும் அவருடைய வலப்பக்கத்தை என்று என் காலே தானாக இடப்பக்கம் போகத் தொடங்கியது. கை மரத்துப்போகிறது. நாற்காலி முதுகைப் பிடித்த விரல்கள் யாருடையவோபோல இருக்கின்றன. ஐப்பசியில் அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோதும் கால் அப்படித்தான் போயிற்று. கூட்டம், ஈரக் குடைகள், யாரோ "சாருக்கு வழிய விடுங்கப்பா" என்றார்கள், தலைமாட்டுக்குப் போய் முகத்தைப் பார்த்திருக்கலாம், போய் நின்றது இடப்பக்கத்தில். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணிக்கட்டு, நெற்றியில் காசு, மூக்கில் பஞ்சு. அது யாரோ. காதை மட்டும் அடையாளம் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் அழுகை வந்தது. அழுதுகொண்டே, இது என்ன முறை, எல்லோரும் முகத்தைப் பார்த்து அழும்போது இவன் காதைப் பார்த்து அழுகிறான் என்று எனக்குள் இருக்கிற வாத்தியார் அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தான். வலப்பக்கத்திலிருந்து அவரைப் பார்த்தது ஒரே ஒரு முறைதான். பாலத்தில். பாலம் வேண்டாம். மூக்கைப் பற்றி யோசிக்கலாம், அரிப்பு நின்றுவிட்டது, எப்போது நின்றது? நின்றது தெரியாமல் நிற்கிற விஷயங்கள் எத்தனை. என் மனைவி எஸ்தர் கடைசியாக என்னைத் திட்டியது எதற்கு என்று நினைவில்லை. நினைவில்லை என்பதைத்தான் பாலத்தில்... வேண்டாம்.

"கொஞ்சம் கையை உதறிக்கிடுங்க சார், வந்து பாருங்க" என்றார் ரெமிஜியுஸ். துணிச் சட்டத்தைச் சுற்றிவந்து அவர் பக்கம் நின்றேன். நான் இருக்கிறேன், வாய் இல்லாமல். வாய் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஒரு மெழுகல், எஸ்தர் பார்த்திருந்தால் இப்படியே மாட்டிவிடச் சொல்லியிருப்பாள். தில்லைநாயகம் இருக்க வேண்டிய இடத்தில் பதுவை அந்தோனியார் உட்கார்ந்திருந்தார். நரைத்த, கண்ணாடி போட்ட, திருநீறு பூசிய அந்தோனியார். கையில் குழந்தை இயேசுவைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். "நல்லாத்தான் இருக்கு" என்றேன். "அவருதானா சார்?" நான் பதில் சொல்வதற்குள் செருப்புச் சத்தம். தில்லைநாயகத்தின் மகள் வடிவு வந்துவிட்டாள், கையில் தூக்குச்சட்டி, பெங்களூரிலிருந்து இதற்காகவே வந்தவள். படத்துக்கு முன்னால் நின்றாள். சட்டையைத் திரும்பிப் பார்த்தாள், திரும்பவும் படத்தை. "இது எங்கப்பா இல்ல" என்றாள். "ஆதார் கார்டுல இப்படித்தாம்மா இருக்கு." "ஆதார் கார்டுல இருக்கதும் எங்கப்பா இல்ல. அது யாரோ வட்டிக்கு விடுத ஆளு மாதிரில்லா இருக்கு." "அப்போ எப்படி இருப்பாருன்னு சொல்லுங்கம்மா, மாத்திருவோம். மூக்கா, கண்ணா?" அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகமும் என் முகம்போல ஆகிக்கொண்டு வந்தது, திறந்த வாய், வராத சொல். "மாமா சொல்லட்டும்" என்றாள் கடைசியில், "மாமாவுக்குத் தெரியாததா." ரெமிஜியுஸும் திரும்பினார். எதிர்ச் சுவரில் நாய்கூட என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. இங்கே நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம், புருவம் விட்டிருக்கும், மூக்கு நீளம் என்று. யார் மறுக்கப்போகிறார்கள்? சனிக்கிழமை திறந்து கைதட்டி மாட்டிவிட்டால் அப்புறம் அதுதான் தில்லைநாயகம். பிறந்து வருகிற பையன்கள் எல்லாம் அந்தோனியாருக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் தேர்வுக்குப் போவார்கள். இந்த ஊர்க் கோயில் தூணில் கைகூப்பி நிற்கிற ராஜாக்களுக்கு மட்டும் சொந்த முகமா இருக்கிறது? தொந்தியை வைத்துத்தான் யார் என்று சொல்கிறார்கள். "நின்னு பாத்தா தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு என் இடத்துக்குத் திரும்பினேன். புத்தகம், விரல், நாற்காலி முதுகு. எழுபது தாண்டியவனின் தப்பித்தல் இவ்வளவுதான். வடிவு ஓர் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்தாள். கண்ணை மூடினால் முகம் வருமா? "கண்ணைத் திறங்க சார்." திறந்தால் எதிரே துரை, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

சரி, பாலம். அந்த ஒரு நாள்தான் வலப்பக்கத்திலிருந்து பார்த்தேன், அந்த முகத்தையாவது எடுத்துவரலாம். எஸ்தர் கண்மூடி ஒரு மாதம் இருக்கும். மாலை நடைக்கு அவர் வந்து கூப்பிட்டார், வாசலில் நின்று செருமினார், நான் செருப்பைப் போட்டேன். ஆற்றுப் பாலத்தில் பாதி தூரம் போயிருப்போம், இடப்பக்கம் கைப்பிடிச் சுவர் இடிந்து கயிறு கட்டியிருந்தார்கள், லாரி ஒன்று உரசுவதுபோல வந்தது, அந்தப் பக்கம் ஒதுங்க இடமில்லாமல் அவர் பின்னால் புகுந்ததில் அவருக்கு வலப்பக்கமாக வந்துவிட்டேன். லாரி போய்விட்டது. இதை எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன், சத்தம் போய்விட்டிருந்தது, கீழே துவைக்கிற சத்தம்கூடக் கேட்டது. தண்ணீரில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வாழ்நாள் முழுக்க மேற்கோளாகவே பேசியவன், அன்றைக்கு மட்டும் யாருடையதும் அல்லாத ஒன்றைச் சொன்னேன். "வீட்டுக்குப் போகப் பயமா இருக்கு வே." சொல்லிவிட்டுத் திரும்பி அவரைப் பார்த்தேன், அந்த ஒரே தடவை. பார்த்தது வலது கன்னம், ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணின் ஓரம். ஒன்றும் அசையவில்லை. நடந்துகொண்டே இருந்தார். கொஞ்ச தூரம் போனதும் வழக்கம்போல் பின்னால் சுற்றி மறுபக்கம் வந்து சேர்ந்தார், "இந்த வருஷம் தண்ணி பரவால்ல" என்றார். சரி, பதில் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். மரியாதைப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பற்றிப் பேசுகிறார். அதற்குப் பிறகும் தினம் நடந்தோம், தினம் பேசினேன், கட்டம்போட்ட கம்பளியைப் பற்றி, நாய் யாரைப் பார்க்கிறது என்பதைப் பற்றி, அரசியல், ஆவி பறக்கிற வாழைக்காய் பஜ்ஜி. அதை மட்டும் மறுபடி சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அந்தக் கட்டுரை அதற்கு அடுத்த ஆண்டு மலரில்தான் வந்தது. இப்போதுதான் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

"அப்பாட்ட வீடியோ கால் பேசினா என்ன செய்வாங்க தெரியுமா" என்று வடிவு ரெமிஜியுஸிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "மூஞ்சியக் காட்டுங்கப்பான்னா, போனைத் தூக்கிக் காதுல வச்சுக்கிடுவாங்க. ஸ்கிரீன் பூரா காது. நானும் பிள்ளைகளும் தாத்தா காதைப் பாத்துத்தான் பேசுவோம். இந்தக் காது." தன் இடது காதைத் தொட்டாள். "மத்தக் காதுதான் சின்ன வயசுலயே போச்சுல்லா. கொளத்துல குதிச்சதுல அடிபட்டு சீழ் கட்டி, சுத்தமாப் போச்சு. வேலைக்குச் சேரும்போது சொன்னா எடுக்க மாட்டாங்களோன்னு யாருட்டயும் மூச்சு விடல. கல்லூரியிலேயே தெரிஞ்சது மாமாவுக்கு மட்டுந்தான்." நான் அசையவில்லை.  "சாருட்ட மட்டும் சொன்னாராம்மா?" என்றார் ரெமிஜியுஸ். "சொல்ல வேற செய்யணுமா. அப்பாவே பெருமையாச் சொல்லுவாங்க. ஏட்டி, நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல, ஞானம் தானாத் தெரிஞ்சுக்கிட்டு எப்பவும் இந்தப் பக்கமாவே வாராரு பாரு, கேக்கவும் மாட்டாரு, காட்டிக்கிடவும் மாட்டாரு, அதுல்லா படிச்ச மனுசன்னு. இல்ல மாமா?" வாய் வரையும்வரை பேசக் கூடாது. இவ்வளவு நேரமும் அந்த விதியைத் திட்டிக்கொண்டிருந்தவன், இப்போது அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். எதிர்ச் சுவரில் அவர் உட்கார்ந்திருக்கிறார். கறுப்புக் கோட்டு, உருண்ட முடி, அதற்குக் கீழே பாதிக் காது, இடது காது. முகம் மறுபக்கம் திரும்பியிருப்பதால்தான் அந்தக் காது நேராக நிற்பவரின் வாய்க்கு வருகிறது. நிற்பவர் வாய் திறந்திருக்கிறது. பேசுகிறார். கேட்டுக்கிட்டு இருக்காரு வே. ஆதாரம்? பாத்தா தெரியுதுல்லா. தினமும் மதியம், அதே மாதிரி முகத்தை மறுபக்கம் திருப்பி, அந்தக் காதை எனக்குக் கொடுத்து உட்கார்ந்துகொண்டுதான் அதைச் சொன்னார். நானோ அந்தக் காதுக்குள்ளேயே, முகம் திருப்பியவன் கேட்கமாட்டான் என்று நிரூபித்துக்கொண்டிருந்தேன். வெளிச்சத்தை அளந்தேன், நிழலை அளந்தேன். நாள் வேறு வேறு என்பது சரியாகவே இருக்கட்டும், தனித்தனியாக வந்தவர்கள் சிநேகிதர்களாக இருக்கக் கூடாது என்று எந்தப் புத்தகத்தில் படித்தேன்? பாலத்தில் அவர் கேட்கவே இல்லை. பதில் சொல்லாமல் இல்லை, கேட்கவே இல்லை. மறுபக்கம் சுற்றி வந்தாரே, எதற்கு? நான் ஏதோ சொன்னேன் என்று தெரிந்து, திரும்பச் சொல்வேன் என்று காதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். நான் சொல்லாததால் தண்ணீரைப் பற்றிப் பேசினார். அதற்குப் பிறகு எத்தனை சாயங்காலம் அந்தக் காது என் பக்கத்திலேயே வந்தது.

"ரெமிஜியுஸ்." குரல் எனக்கே புதிதாக இருந்தது. "வாய அசைக்காதீங்க சார்." "அசைச்சுத்தான் ஆகணும். அந்தத் தலையை அழிச்சிருங்க. மறுபக்கம் திருப்புங்க, அந்தா, துரை உக்காந்திருக்காருல்லா, அப்படி. மூஞ்சி கால்வாசி தெரிஞ்சாப் போதும்." "மூஞ்சி இல்லாமலா சார்? திறப்பு விழாவுல கேப்பாங்களே." "கேக்கட்டும். நான் சொல்லுததை வரையுங்க." சொன்னேன். காதின் மேல்விளிம்பு மடங்காமல் கொஞ்சம் விரிந்து நிற்கும். அடிச்சோணை தனியாகத் தொங்காது, கன்னத்தோடு ஒட்டியிருக்கும், அதில் சின்ன வயதில் குத்திய துளை தூர்ந்து ஒரு புள்ளியாகத் தெரியும். உள்ளேயிருந்து மூன்று நான்கு நரைமுடி வெளியே எட்டிப்பார்க்கும், கண்ணாடிக் கம்பி பட்ட இடத்தில் பின்னால் ஒரு பள்ளம், அதற்குக் கீழே முடி ஒரு சுழியாக இடமிருந்து திரும்பும், வெயிலில் விளிம்பு சிவந்து வெளிச்சம் ஊடுருவும். நான் நிறுத்தவே இல்லை. ரெமிஜியுஸ் துணியால் அந்தோனியாரைத் துடைத்து எடுத்துவிட்டு, தூரிகையை மாற்றி மாற்றி, 'அப்படியா சார்' என்று சொல்லாமல் வரைந்துகொண்டிருந்தார். வடிவு எழுந்துபோய் அவர் பின்னால் நின்றாள்.  முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா" என்றாள், என்னிடமோ ரெமிஜியுஸிடமோ இல்லை. பிறகு, "பையில இருக்க மைக்கறையையும் போடுங்க" என்றாள். ஜன்னல் வெயில் நாற்காலியிலிருந்து இறங்கித் தரைக்கு வந்திருந்தது. "இனி சாரு" என்று ரெமிஜியுஸ் என் பக்கம் திரும்பினார், உதட்டைப் பார்த்தார், கண்ணைச் சுருக்கிக்கொண்டார். "லேசாத் திறங்க. பேச ஆரம்பிக்கிற மாதிரி. ம். அப்படியே." பேச ஆரம்பிக்கிற மாதிரி நின்றேன். தலையில்லாத சட்டைக்கு மேலே காற்று. வடிவு தூக்குச்சட்டியைத் திறந்து மூடினாள், ரசம் மணத்தது. இவளிடம் சொல்ல வேண்டுமா, எனக்குத் தெரியாது, உன் அப்பா நினைத்த மனிதன் நான் இல்லை என்று? சொன்னால் யாருக்கு என்ன திரும்பக் கிடைக்கும்? அவர் தந்த நல்ல பெயர் தவறான ஆளிடம் வந்து சேர்ந்த தபால்போல என் கையில் இருக்கிறது, திருப்பி அனுப்ப முகவரி இல்லை.

"முடிஞ்சுது சார். வாய் முடிஞ்சிருச்சு, இனிப் பேசலாம்" என்றார் ரெமிஜியுஸ். "பேசாம இருக்கது சாருக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்" என்று வடிவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கை கழுவக் குழாயடிக்குப் போனார். வடிவு சாப்பாட்டுத் தட்டு எடுக்க வராந்தாப் பக்கம் போனாள். நான் நாற்காலி முதுகிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். துணிச் சட்டத்தைச் சுற்றிப் போனேன். என் வாய் திறந்திருந்தது, அவர் முகம் திரும்பியிருந்தது, இரண்டுக்கும் நடுவில், எண்ணெய் மினுங்க, காயாமல், அந்தக் காது. சுற்றிலும் பார்த்தேன். துரைமாரைத் தவிர யாரும் இல்லை. புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, படத்தின் அந்தப் பக்கமாகப் போய் நின்று, கொஞ்சம் குனிந்தேன்.

"வீட்டுக்குப் போகப் பயமா இருக்கு வே."